லாசரஸ் துறைமுகத்தைக் காப்பாற்றினார்

"டீச்சர், என்னை எப்படியாவது எதிரணிக்கு மாத்திடுங்க" என்று ஏரிக்கரை நடைபாதையில் ரத்தினபாய் டீச்சரை மறித்துக்கொண்டு நின்றார் லாசரஸ்.

டீச்சர் நடையை நிறுத்தவில்லை. நின்ற இடத்திலேயே நடந்தார். சிட்லபாக்கத்துக் குடியிருப்போர் சங்க ஆண்டுவிழாப் பட்டிமன்றத்துக்கு அவர்தான் நடுவர். தலைப்பு, 'நம் துறைமுகங்களை வெளிநாட்டுக் கம்பெனிகள் நடத்தலாமா?' 'கூடவே கூடாது' அணியின் தலைவர், ஹார்பரில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற லாசரஸ்.

"நோட்டீஸ் ஒட்டியாச்சு சார். மூணு மாசமா இந்த ஏரியைச் சுத்தி 'விடமாட்டேன், விடமாட்டேன்'னு கத்தினது நீங்கதானே? மீனெல்லாம் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. இப்ப என்ன வந்தது?"

"நாளைக்கு சாயங்காலம் ஜெரூஷாவைப் பொண்ணு பாக்க வர்றாங்க."

"நல்ல விஷயம்தானே?"

"மாப்பிள்ளைக்கு வேலை ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில. அந்தக் கம்பெனிக்கு வேலையே துறைமுகம் நடத்துறதுதான்."

டீச்சர் நடப்பதை நிறுத்தினார். ஆனால் நோட்டீஸ் நோட்டீஸ்தான் என்று சொல்லிவிட்டார்.

தப்பு லாசரஸுடையது. சர்ச்சில் யாரோ 'மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை' என்று சொன்னதுமே, மீதியைக் கேட்காமல் சரி என்றவர் அவர். ஹார்பர் மருமகன். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. பீச் ஸ்டேஷனில் இறங்கும்போதே மூக்கில் ஏறும் உப்பும் டீசலும். ஆறு பேர் இடத்தில் பதினாறு பேர் உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே தாம்பரம் திரும்பும் மின்சார ரயில். ஏதோ ஒரு தேசத்து மாலுமி கொடுத்த சோப்பு. அதைக் கரைக்க மனசு வராமல் நாலு வருஷம் பீரோவில் வைத்து, வீடே மணந்தது.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்று ஜெரூஷா மூன்று தடவை வந்து நின்றாள். மூன்று தடவையும் அப்பா எண்பத்தைந்தாம் வருஷப் புயலில், ஒன்பதாம் நம்பர் கிரேன் உச்சியில் இருந்தார். அவர் இறங்கி வருவதற்குள் அவளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. அவள் அங்கே கணக்கு டீச்சர்.

எதிரணிக்கு மாற முடியாது என்றானதும் லாசரஸ் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, தொண்டை போய்விட்டது என்று சைகை காட்டினார். செய்தி பரவியது. தெருவிலுள்ள பதினேழு வீடுகளிலிருந்தும் பதினேழு ஃப்ளாஸ்க்கில் கஷாயம் வந்தது. பதினேழையும் குடித்து முடித்தபோது, இருபது வயதில் இருந்த குரல் அவருக்குத் திரும்பிவிட்டது. மறைக்கவும் முடியவில்லை, இருமினாலே கணீரென்று கேட்டது.

கடைசி வழியாக, கோவிலம்பாக்கத்திலிருந்த மாப்பிள்ளையின் அப்பா ஜெபகுமாருக்குப் போன் செய்தார்.

"சார், இன்னொரு நாள் வச்சுக்கலாமா? நாளைக்கு சங்கத்துல ஒரு ஃபங்ஷன்."

"நாங்க வீட்டுல உக்காந்திருக்கோம், நீங்க முடிச்சுட்டு வாங்க சார். காலேபுக்கு அடுத்த மாசம் ஆப்பிரிக்கா போஸ்டிங். கல்யாணம் ஆனா பொண்ணு வேலையை விட்டுட்டு கூடவே கிளம்பிடணும். சரிதானே?"

"அதுக்கென்ன சார்" என்றார் லாசரஸ். மனைவி எப்சியிடம், "நீ பஜ்ஜி போட்டு உக்கார வை. ரெண்டே நிமிஷம், யாருக்கும் வலிக்காம பேசிட்டு ஓடி வந்துடறேன். ஹால் ரெண்டு தெரு தள்ளித்தானே, அவங்களுக்கு ஒண்ணும் கேக்காது" என்றார். ஜெரூஷா அப்பாவின் சட்டையை அயர்ன் செய்துகொண்டே, "நல்லாப் பேசுங்கப்பா" என்றாள்.

ஞாயிறு மாலை அவர் பேசினார், சொன்னபடியே. "துறைமுகம் நம்மளுது. நடத்துறது யாருங்கிறதை யோசிச்சு முடிவு பண்ணலாம். வெளிநாட்டுக்காரங்களும் மனுஷங்கதான்." கூட்டம் வாயைப் பிளந்தது. லாசரஸ் உட்கார்ந்தார். தப்பித்தோம் என்று தண்ணீர் குடித்தார்.

அடுத்து எதிரணித் தலைவர், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், எழுந்தார்.

"வெளிநாட்டுக்காரன் கையில இன்னைக்கு ஒரே நாள்ல கப்பல் கிளம்புது. நம்ம லாசரஸ் சார் காலத்துல? கோதுமைக் கப்பல் வந்து நின்னா, அது முளைச்சு, கதிர் விட்டு, அறுவடை பண்ணித்தான் இறக்குவாங்களாம்."

கூட்டம் சிரித்தது. லாசரஸும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மைக்கைப் பிடுங்கினார்.

"யோவ், எண்பத்தஞ்சு புயல்ல அந்தக் கோதுமையை இறக்கினது யாருன்னு தெரியுமா? கடல் எழும்பி கிரேன்ல ஏறுது, நான் இறங்கல. கீழ நாப்பது பேர் நனைஞ்சுகிட்டு மூட்டை தூக்கினான். அந்த ரொட்டியைத் தின்னுட்டுத்தான்யா நீ பேங்க் பரீட்சை எழுதின. அந்த ஹார்பரை முப்பது வருஷத்துக்கு எவனுக்கோ எழுதிக் குடுப்பியா? நாளைக்கு ஒரு சண்டைன்னா, நம்ம கரையில நம்ம கப்பல் நிக்க அவனைக் கெஞ்சணுமா?"

நாற்பது நிமிஷம். கஷாயம் வேலை செய்தது. விசில் பறந்தது. அந்த மயக்கத்தில்தான் அவர் வாயிலிருந்து கடைசி வாக்கியம் வந்தது: "அந்த மாதிரி கம்பெனியில வேலை பாக்கிறவன் என் வீட்டுக்கு வந்தா, ஒரு வாய் காப்பி குடுக்க மாட்டேன்."

தீர்ப்பு அவருக்கே. பொன்னாடையோடு வீட்டுக்கு ஓடினார். வாசலில் செருப்புகள் இல்லை. மேஜையில் மூன்று காப்பி, ஆடை படிந்து அப்படியே.

"எங்க அவங்க?"

"காலேப் தம்பி டம்ளரை வாய்கிட்ட கொண்டு போனாரு. நீங்க காப்பின்னு சொன்னீங்க. கீழ வச்சுட்டாரு" என்றாள் எப்சி.

"ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஹால்ல பேசினது இங்க எப்படிக் கேட்டுச்சு?"

எப்சி வெளியே கையைக் காட்டினாள். வாசலுக்கு எதிரே லைட்டுக் கம்பத்தில் ஒரு கூம்பு ஸ்பீக்கர், நேராக அவர் வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி. மைக்செட் சிவகுமார் ஏணியில் ஏறி அதை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

லாசரஸ் தெருவுக்கு வந்து ஏணியைப் பிடித்து உலுக்கினார். "என் பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்துட்டியே. எந்த மடையன்டா இதை இங்க கட்டச் சொன்னது?"

"இன்னா சார் இப்டி பேசுற? ஜெரூஷா அக்காதான் காலைல வந்து, ஒரு கூம்ப எங்க வூட்டாண்ட திருப்பி கட்டுப்பா, எங்கப்பா மைக்க புட்ச்சா போதும், மீதிய அவரே பாத்துக்குவாருன்னுச்சு."