செரோக்கியருக்கு வருந்தும் கந்தோர்

பேர்லினில், பிறருடைய துயரத்துக்கு முறைப்படி வருந்துவதற்கென்றே ஒரு கந்தோர், அரசாங்க அலுவலகம், உண்டு. அதன் அதிகாரி லூக்காஸ் இளகிய மனதுக்காரர். வார இறுதிகளில் தலையில் இறகு செருகி, தன் செவ்விந்திய வேடக் கழகத்தாரோடு காட்டில் கூடாரமடித்து இருப்பார். அமெரிக்காவில் செரோக்கி மக்களைச் சொந்த மண்ணிலிருந்து கிளப்பி, குளிருக்குள் மேற்கே நடத்திக்கொண்டு போனதை நினைத்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர்கள் இறகு செருகியவர்கள் அல்ல, தலைப்பாகை கட்டியவர்கள் என்று யாராவது சொன்னால் மட்டும் கோபித்துக்கொள்வார்.

அதே நகரின் நொய்கெல்ன் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் றெஜினோல்ட், யாழ்ப்பாணத்தார் எல்லாரும் செய்யும் பிழையைத்தான் செய்தார். கடைக்கு வந்த லூக்காஸை இருத்தி, பிளேன்ரீயும் ரோல்ஸும் கொடுத்து, போரில் ஊரே ஒரே இரவில் சாவகச்சேரிப் பக்கம் இடம்பெயர்ந்த கதையைச் சொன்னார். லூக்காஸ் அழுதார். அடுத்த கிழமையே திரும்பி வந்தார்.

"செரோக்கியரின் வெளியேற்றத்துக்கு இங்கேதான் நினைவு மண்டபம் அமையும். இந்தச் சுவர்களில் இடப்பெயர்வு ஊறியிருக்கிறது."

"அப்ப எங்கட கடை?" என்றாள் றெஜினோல்டின் மனைவி ரமா.

"தாங்கள் சுயவிருப்பின் பேரில் வெளியேற அன்புடன் அனுமதிக்கப்படுகிறீர்கள்."

றெஜினோல்ட் வழக்குப் போட்டு கோட்டுக்குப் போனார். வென்றார். தீர்ப்பை நீட்டியதும் லூக்காஸின் கண் கலங்கியது.

"செரோக்கியருக்கும் உச்ச நீதிமன்றம் சாதகமாகத்தான் தீர்த்தது. பிறகுதான் அனுப்பினார்கள். நீங்கள் தோற்றிருந்தால் பொருத்தம் கெட்டிருக்கும்."

"வழக்கில வெண்டா இருக்கலாம்தானே?"

"அது வேறு திணைக்களம்."

தமிழ்ச் சங்கத்தார் கொதித்துப்போய் அவசரக் கூட்டம் போட்டார்கள். மண்டபத் திறப்பு விழாவில் குத்துவிளக்கை யார் ஏற்றுவது என்று அடிபாடு வந்ததில் கடை விஷயம் எடுபடவில்லை.

வெளியேறும் நாளில் கழகத்தார் இறகுகளோடு வந்து, விம்மி விம்மிக் கூடவே நடந்தார்கள்.

"ஒரு பெட்டியையெண்டாலும் தூக்குங்கோவன்," என்றாள் ரமா.

"தூக்கினால் உதவியாகிவிடும்," என்றார் லூக்காஸ். "நாங்கள் சாட்சிகள் மட்டுமே."

பஸ் தரிப்பில் அவர், றெஜினோல்டுக்கு ஒதுக்கிய மாற்றிடத்தின் படத்தைக் காட்டினார். நகரின் மேற்கு ஓரத்தில் ஒரு கடை. பெரிய கண்ணாடி, வாகனம் விட இடம். உள்ளே ஒரு பெரிய ஃபிறீசருக்குப் பக்கத்தில் ஒருவர் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆர் இவர்?"

"இப்போது அங்கே இருப்பவர். சிரியாவிலிருந்து நடந்தே வந்தவர். அவர் கதையைக் கேட்டால் அழுதுவிடுவீர்கள்."

றெஜினோல்ட் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"பாவம் மனுசன்," என்றார். "எப்ப கடையை விட்டு எழும்புவார்?"

"அந்த ஃபிறீசரை விட்டிட்டுப் போகச் சொல்லுங்கோ," என்றாள் ரமா.