கண்ணுக்குத் தெரியாத துகள்

தும்மி முடித்துக் கண்ணைத் திறந்தபோது கண்ணாடித் தட்டு காலியாக இருந்தது. குழாய்க்காரன் தட்டைத் தூக்கி அடியிலும் பார்த்தான்.

ஆய்வகத்தில் அவனுக்கு அப்படித்தான் பெயர். அவன் மேய்த்த குழாய்கள் கார்பனால் ஆனவை, தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லியவை. அவற்றுக்குள் கந்தகத்தை அடைத்து, இரண்டு வைரங்களுக்கு நடுவே வைத்து நசுக்கினால் என்ன வேதிவினை நடக்கும் என்பதுதான் ஆராய்ச்சி. பேராசிரியர் மாதக்கணக்கில் தன் கையாலேயே பாடுபட்டுச் செய்தது ஒரே ஒரு கறுப்புத் துகள். அதுதான் இப்போது ஊர் சுற்றப் போய்விட்டது.

போன் அடித்தது. மனைவி.

"வேலை நிரந்தரம்னு சொல்லிட்டாங்களா?"

"இன்னைக்குச் சோதனை முடிஞ்சதும் சொல்லிடுவாங்க."

"சொதப்பிடாதீங்க. உங்களை நம்பித்தான் நான் என் வேலையை விட்டிருக்கேன்."

தரையெல்லாம் தவழ்ந்து தேடினான். முழங்கால் கறுத்ததுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் பென்சில் முனையைச் சுரண்டி, ஒரு பொட்டு எடுத்து வைரங்களுக்கு நடுவே வைத்தான். அதுவும் கார்பன்தானே, யாருக்குத் தெரியப் போகிறது?

கதவு திறந்தது. பேராசிரியர். கூடவே ஆராய்ச்சிக்கு நிதி தரும் அம்மையார்.

"ஆரம்பிக்கலாமா தம்பி?"

"சார், இன்னைக்கு லேசா நசுக்குவோமே. பாவம், புதுத் துகள்."

"துகளுக்கு என்னய்யா பாவம்? திருகு! இன்னும் திருகு!"

வைரங்களை இறுக்கும் திருகாணியைத் திருகினான். அளவைக் கருவியின் திரையில் இதுவரை யாரும் பார்க்காத கோடு ஒன்று கிடுகிடுவென்று ஏறியது. பென்சிலில் களிமண்ணும் மெழுகும் கலந்திருக்கும் என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தது.

"புதுப் பொருள்!" என்று அம்மையார் கைதட்டினார். "இந்தத் துகளை நான் கையோட கொண்டு போறேன். எங்க ஆளுங்க அக்குவேறு ஆணிவேறா அலசட்டும்."

சொல்லிவிட்டு, இந்த நல்ல சேதியைப் போனில் சொல்ல வெளியே ஓடினார்.

குழாய்க்காரன் பேராசிரியர் பக்கம் போனான். இனி மறைக்க முடியாது.

"சார், வேலையை விட்டு அனுப்பினாலும் அனுப்புங்க. காலையில தும்மிட்டேன். உங்க துகள் பறந்து போச்சு. உள்ள இருக்கிறது பென்சில்."

பேராசிரியர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அடப்பாவி, அசல் துகள் போன வாரமே என் தும்மல்ல போயிடுச்சு, நீ பறக்கவிட்டது என் வீட்டுக்காரியோட கண்மை!"