மேலகரத்தில் மூன்று கேப்டன்கள்

"தண்ணி வைக்கது சப்ளையர் வேலக்கா. நான் கேப்டன்லா" என்றான் பாண்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

ஜெபமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்றாலத்தில் சாரல் விழுகிற நேரம் பார்த்து, மேலகரத்தில் இருக்கும் அவளுடைய ஹோட்டலை விட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவேன் என்று சப்ளையராக இருந்த பாண்டி மிரட்டினான். அதற்குப் பயந்துதான் கறுப்புக் கோட்டு மாட்டி, ஆர்டர் மட்டும் எடுக்கிற கேப்டனாக அவனை ஆக்கினாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

"கிரிக்கெட்ல கேப்டனும் பந்து பொறுக்கத்தானலே செய்யுதான்?"

"அது கிரிக்கெட்டு. கப்பல்ல கேப்டன் தரையத் தொடைக்காரா? ஆர்டர்தான் போடுவாரு."

இதைக் கேட்டதும் ரவி கையிலிருந்த இலைக்கட்டைக் கீழே வைத்தான். "பள்ளிக்கூடத்துல வகுப்புக்கு ஒரு கேப்டன் உண்டுக்கா. இங்கன ஏசி ரூம் தனி, வெளிய தனி. வெளிய உள்ளதுக்கு நான்."

அவனுக்கும் கோட்டு எடுத்தாள். மிச்சமிருந்த ஒரே சப்ளையர் கிங்ஸ்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"பட்டாளத்துல கேப்டனுக்கு மேல மேஜர் உண்டு. நான் அதையா கேக்கேன்? கேப்டன் போதும்."

மூன்றாவது கோட்டும் வந்தது.

அன்றைக்கென்று பார்த்து, சுற்றுலா பஸ் நடத்தும் வல்லிநாயகம் அண்ணாச்சி முதல்முறையாக ஒரு பஸ் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். சாப்பாடு பிடித்துவிட்டால் அவருடைய பஸ்ஸெல்லாம் இங்கேதான் நிற்கும். அதை நம்பித்தான் ஜெபமலர் கடையையே பெரிதாக்கியிருந்தாள்.

மூன்று கோட்டுகளும் வாசலில் நின்று கும்பிட்டன. பவ்யமாக ஆர்டர் எடுத்தன. எடுத்த ஆர்டரைக் கொண்டுவரத்தான் ஆளில்லை.

ஜெபமலர் சேலையை இழுத்துச் செருகினாள். இலை போட்டாள், சோறு வைத்தாள், சாம்பாருக்கு ஓடினாள். "ஏலே, அந்த ரசத்தையாவது தூக்கிட்டு வந்து தொலைங்கலே" என்று போகிற போக்கில் கத்தினாள்.

"ஏசி ரூம்ல அப்பளம் கேக்காவக்கா" என்று பாண்டி அவளுக்கே ஆர்டர் போட்டான்.

எச்சில் இலையையும் அவள்தான் எடுத்தாள். ஆத்திரத்தில் வாய் ஓயவில்லை.

கை கழுவிவிட்டு வந்த அண்ணாச்சி நேரே பாண்டியிடம் போனார். முகமெல்லாம் சிரிப்பு. ஜெபமலர் எச்சில் வாளியோடு காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"சாப்பாடு பிரமாதம், முதலாளி. சீசன் முழுக்க நம்ம பஸ்ஸு இங்கனதான் நிக்கும். ஒண்ணே ஒண்ணு, அந்த வாய்க்காரப் பொம்பளைய இன்னைக்கே வேலைய விட்டு நிறுத்திரணும்."