கல்கத்தா மேட்சும் நெல்லிக்காய்க் கூடையும்

கல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவின் முதல் விக்கெட் விழுந்ததும் ஜெபர்சன் துள்ளிக் குதித்தான். அவனோடு சேர்ந்து பிரம்பு நாற்காலியும் குதித்தது.

"மேரி! கத்திரிக்கோல் எங்க?"

சமையலறையிலிருந்து வந்த அருள்மேரி, கணவனையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். மடியில் இருந்த ஒயர் கூடையின் அடியை அவன் நாற்காலிக் கையோடு சேர்த்துப் பின்னியிருந்தான். ஆறு முடிச்சு. ஒவ்வொன்றும் கல் மாதிரி.

"இன்னாங்க இது? சேரையும் தூக்கிக்கினு காய் வாங்கப் போவப் போறீங்களா?"

"கண்ணு டிவில இருந்துச்சு. கை தானா போயிடுச்சு."

"பக்கத்து வூட்டுக்காரரு மொட்டை மாடில தனியா குந்திக்கினு பின்றாரு. பாதி அடி முடிஞ்சிருச்சாம்."

ஜெபர்சன் அவசர அவசரமாகக் கத்திரிக்கோலை வாங்கி ஆறு முடிச்சையும் வெட்டினான். நாற்காலி விடுபட்டது. ஒயர்கள் ஆளுக்கொரு சாண் குட்டையாகிவிட்டன.

ஜெபர்சனுக்கும் பக்கத்துப் போர்ஷன் இராமச்சந்திரனுக்கும் ஒரே கம்பெனி, ஒரே பஸ், நடுவில் ஒரே சுவர். தண்டலத்தில் ஸ்பிரிங் செய்யும் அந்தக் கம்பெனியில் ஜெபர்சன் ஸ்டோர்ஸ், இராமச்சந்திரன் இன்ஸ்பெக்‌ஷன். நாலு மாதம் முன்புவரை இருவரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் தோள் உரசத் தூங்கிக்கொண்டு போனவர்கள்தான்.

அப்புறம் இராமச்சந்திரனுக்கு என்ன ஆனதோ, தனக்குத் தானே சவால் விட ஆரம்பித்துவிட்டான். முப்பது நாளில் மவுத் ஆர்கன். அடுத்து, நிற்காமல் ஆயிரம் ஸ்கிப்பிங். ஒவ்வொன்று முடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி செந்தாமரை கை தட்டுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் அருள்மேரி பெருமூச்சு விடுவாள்.

அந்தப் பெருமூச்சுதான் ஜெபர்சனைத் தின்றது.

கடைசியாக ஒரு நாள் இராமச்சந்திரன் தானே பின்னிய ஒயர் கூடையில் சாப்பாடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கூடை. முன் சீட்டிலிருந்து பின் சீட்டுவரை அது கை மாறிப் போயிற்று. கம்பெனி கேட்டில் வண்டியை நிறுத்திய டிரைவரும் ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, "பொம்பளைங்க கெட்டாங்க போ" என்றார். அன்றிலிருந்து ஜெபர்சன் வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டான். பேச்சும் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை அருள்மேரி சோறு போட்டுக்கொண்டே சேதி சொன்னாள். "ஞாயித்துக்கெழம மேட்ச்சுல மொத பந்து போடும்போது ஆரம்பிச்சி, கடைசிப் பந்துக்குள்ள ஒரு முழுக் கூடை முடிக்கப் போறாராம்."

"யார்கிட்ட சவால்?"

"அவருக்கு அவரே. ஆம்பளைன்னா அப்படி ஒரு வைராக்கியம் வேணும்ல?"

ஜெபர்சன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் போட்டான். "நானும் முடிக்கிறேன். அவன் சாதாக் கூடைதானே? நான் நெல்லிக்காய் முடிச்சுல போடறேன்."

"உங்களால ஆவுமா?" என்று கேட்டாள் அருள்மேரி. கேட்ட விதத்தில் கவலை இருந்தது. அந்தக் கவலைதான் அவனை ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்கு ஓட்டி, நாலு கட்டு ஒயர் வாங்க வைத்தது.

தூர தேசத்துக் கதைகளில் இரண்டு ஆண்களுக்குள் பகை மூண்டால், பனி கொட்டும் விடியற்காலையில் ஆளுக்கொரு துப்பாக்கியோடு மரத்தடிக்குப் போய் நிற்பார்கள். இவர்கள் குடியிருந்த வல்லத்தில் பனியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஒயர்தான் கிடைத்தது.

ஆனால் மேட்ச்சை விட மனசு வருமா? இத்தனை வருஷம் யாரும் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கி வைத்திருந்த தென்னாப்பிரிக்கா முதல் முறையாக இந்தியாவுக்கு வந்து ஆடுகிறது. அந்தத் தெருவில் டிவி இருப்பது ஜெபர்சன் வீட்டில் மட்டும்தான். மேட்ச் என்றால் ஷிப்ட் ஆட்கள் எட்டுப் பேர் வந்துவிடுவார்கள். ஜெபர்சன் டிவி முன்னால் நின்றுகொண்டு, எந்தப் பந்தை எப்படி அடித்திருக்க வேண்டும் என்று துடைப்பத்தால் அடித்துக் காட்டுவான். இன்று அந்தச் சந்தோஷத்தையும் விடாமல் கூடையையும் முடித்துவிடலாம் என்று ஆறு மணிப் பூசையிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

குட்டையான ஒயர்களுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

"தலைவா! இன்னா கதவ சாத்திக்கினு கீற? மேட்ச் ஆரம்பிச்சிட்டாங்கபா!" ஷிப்ட் ஆள் கன்னியப்பனின் குரல். பின்னால் இன்னும் ஏழு ஜோடிச் செருப்புச் சத்தம்.

மடியில் ஒயரோடு உட்கார்ந்திருந்த ஜெபர்சனுக்கு உடம்பு கூசியது. கூடை முடிந்தபின் தூக்கிக் காட்டுவது வேறு. இந்த நிலையில் பார்த்தார்கள் என்றால் திங்கட்கிழமை பஸ் முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் இராமச்சந்திரன் சிரிப்பும் இருக்கும்.

"அவங்கள அனுப்பிடு மேரி" என்று கிசுகிசுத்தான்.

"இன்னான்னு சொல்றது?"

"ஏதாவது சொல்லு. அம்மை போட்டிருக்குன்னு சொல்லு! கிட்ட வரமாட்டானுங்க."

அருள்மேரி கதவை ஒரு விரல்கடை திறந்து சொன்னாள்.  வெளியே எட்டுப் பேரும் "ஐயையோ" என்றார்கள். செருப்புச் சத்தம் தேய்ந்தது.

ஜெபர்சன் மூச்சு விட்டான். ஆனால் கன்னியப்பன் நல்ல மனிதன். கால் மணி நேரத்தில் ஒரு மரத்துக் கிளையையே ஒடித்த மாதிரி வேப்பிலையோடு திரும்பி வந்து, வாசல் நிலையில் கட்ட ஆரம்பித்தான்.

"அண்ணி, நான் டைம் ஆபீஸ் மாரியண்ணன்கிட்ட சொல்லிட்டேன். பத்து நாளைக்கு பஸ்ல ஏத்தமாட்டாங்க. எளநீ வாங்கியாந்திருக்கேன். ஜன்னல் வழியா ஒரு தபா அவர் மூஞ்சிய பாத்துட்டுப் போறேன்."

ஜெபர்சன் கூடையைக் கட்டிக்கொண்டு தரையில் படுத்து, தவழ்ந்தே சமையலறைக்குப் போனான். அங்கே எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. சூடு பட்ட ஒயர் ஒன்று நெளிந்து இளகியது.

"இங்க வேணாங்க" என்றாள் அருள்மேரி. "பாத்ரூம்ல போய் குந்துங்க. அங்க யாரும் எட்டிப் பாக்கமாட்டாங்க. அவரு மாடில பக்கம் ஏத்த ஆரம்பிச்சிட்டாராம், செந்தாமரை சொல்றா."

"டிவி?"

"ஸ்கோர் நான் வந்து சொல்றேன்."

இப்படியாக, நாள் எண்ணிக் காத்திருந்த மேட்ச்சை, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, சோப்புப் பெட்டியைப் பார்த்தபடி ஜெபர்சன் அனுபவிக்கலானான்.

முதலில் ஒரு மூலை திரும்ப மறுத்தது. அவிழ்த்தான். அவிழ்த்ததில் அடி தளர்ந்தது. இறுக்கினான். இறுக்கியதில் கூடை வாயை மூடிக்கொண்டது. நெல்லிக்காய் முடிச்சு என்று நினைத்துப் போட்டது நாயின் மூக்கு போல வந்தது. விரல் நுனிகள் சிவந்தன. மனசில் மட்டும் ஒரு படம் ஓடிக்கொண்டே இருந்தது: மாடியில் காற்று, இராமச்சந்திரன் கால் நீட்டி உட்கார்ந்து, மவுத் ஆர்கனைப் பல்லில் கடித்துக்கொண்டு சர்சர்ரென்று பின்னுகிறான், தெருவே அண்ணாந்து பார்க்கிறது, அருள்மேரியும் பார்க்கிறாள்.

"மேரி! இந்தியா எவ்ளோ?"

"மூணு விக்கெட் போச்சு!"

"எத்தினி ரன்னுக்கு?"

"இருவது! நீங்க பின்னுங்க, அவரு கைப்பிடிக்கு வந்துட்டாராம்!"

இந்தியா மூன்று விக்கெட்டை இழந்ததைவிடக் கைப்பிடிச் செய்திதான் அவனுக்கு வலித்தது. அப்படி வலித்ததை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஒரு நிமிடம்தான். திரும்பவும் முடிச்சில் குனிந்தான்.

முன்னறையில் கல்கத்தா ஜனம் முழுக்கக் கூச்சல் போட்டது. நடுவில் யாரோ வீல் என்று கத்தினார்கள். ஜெபர்சன் காதைப் பொத்திக்கொண்டான். பஜ்ஜி வாசனை வந்தது. மூக்கையும் பொத்திக்கொண்டான்.

கடைசியில் தெருக்கோடியில் பட்டாசு வெடித்தது. அதே வினாடி ஜெபர்சனின் கை கடைசி முடிச்சை இழுத்து இறுக்கியது.

முடித்துவிட்டான்!

கூடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கைப்பிடி ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒரு எலுமிச்சம்பழத்துக்கு மேல் எதுவும் உள்ளே போகாது. இருந்தாலும் அது கூடை. கடைசிப் பந்துக்குள் முடிந்த கூடை. இந்தக் கையாலேயே அதைத் தூக்கிக்கொண்டு போய் அருள்மேரி முன்னால் வைக்க வேண்டும். அவள் பெருமூச்சு விடவேண்டும், இந்த முறை தனக்காக.

மரத்துப்போன கால்களை இழுத்துக்கொண்டு முன்னறைத் திரைவரை வந்தவன், அங்கேயே நின்றுவிட்டான்.

அவனுடைய பிரம்பு நாற்காலியில் செந்தாமரை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பஜ்ஜித் தட்டு. பக்கத்தில் ஸ்டூலின் மேல் கால் நீட்டி அருள்மேரி, கையில் கன்னியப்பன் வாங்கி வந்த இளநீர்.

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே செந்தாமரை சொன்னாள்:

"செவ்வாக்கெழம மேட்ச்சுக்கு எங்க வூட்டுக்காரரு டூட்டி, அண்ணனுக்கு அந்தக் கூடையே பாக்கி இருக்கும், தொல்லையில்லக்கா, வியாழக்கெழம மேட்ச்சுக்குத்தான், ஜெபர்சன் அண்ணன் ஸ்வெட்டர் பின்னப் போறாருன்னு எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லி அவர மாடிக்கு ஏத்திடறேன், நீங்க அண்ணன்கிட்ட இன்னா சொல்லப் போறீங்க?"