வண்டிக்கு மொட்டை போட்ட தாய்மாமன்

ஒரகடம் வட்டாரத்தில் ஓடுகிற புது பைக்குகளுக்கு அப்பன் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு கம்பெனியைச் சொல்வார்கள். தாய்மாமன் யார் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே ஆளைத்தான் கை காட்டுவார்கள்.

அவர் எங்கள் கம்பெனி கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் அதே கிடங்கில் ஸ்டோர் கணக்கு எழுதினேன். இரண்டு பேருக்கும் ஒரே ஹாஸ்டல், ஒரே அறை. தென்காசிப் பக்கத்து மனிதர் என்பதால் நேரில் அண்ணாச்சி. முதுகுக்குப் பின்னால் தாய்மாமன். நிஜப்பெயர் அடையாள அட்டையில் இருந்தது. ஆனால் அந்த அட்டை எப்போதும் கவிழ்ந்தே தொங்கும். ஒருநாள் நானாகத் திருப்பிப் பார்க்கப் போனேன். “என்னலே, மாடு பல்லப் புடிச்சுப் பாக்குத மாதிரி பாக்க?” என்று தட்டிவிட்டார்.

பட்டம் சும்மா வரவில்லை. ஷோரூமில் இலவச சர்வீஸ் எல்லாம் முடிந்து, வண்டிக்காரன் தானாக மாற்றுகிற முதல் ஆயில் இருக்கிறதே, அதை அண்ணாச்சி வெறும் ஆயில் மாற்றமாக நினைத்ததே இல்லை. அவர் கணக்கில் அது குழந்தைக்கு முதல் மொட்டை. தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தக் குழந்தைக்காவது மொட்டை அடிப்பார்களா? ஆகவே ஹாஸ்டல் முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைக் கழுவி, கிழக்கு பார்த்து நிறுத்தி, அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்ஜினுக்கு அடியில் சம்மணம் போடுவார். நட்டு கழன்று கறுத்த ஆயில் தகர டப்பாவில் விழும்போது, “முடி எறக்கியாச்சு!” என்று ஒரு சத்தம் கொடுப்பார். மெஸ் மாஸ்டர் கேசரியை இறக்குவார். புது ஆயில் ஊற்றியதும் இன்ஜின் தலையில் சந்தனம்.

ஒருமுறை திண்டுக்கல் பையன் ஒருவன் அந்தச் சந்தனத்தோடு நேராக செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான். கம்பெனி கேட் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூட்டில் சந்தனம் புகைய ஆரம்பித்தது. செக்யூரிட்டி தீயணைப்பு சிலிண்டரோடு ஓடிவந்து பையனையும் சேர்த்து நுரையில் குளிப்பாட்டினார். “மொட்டை போட்டா தலைக்கு ஊத்தணும்லா? நாம மறந்தத அவரு செஞ்சிருக்காரு” என்றார் அண்ணாச்சி.

இதுவரை எல்லாம் நல்லதுதான். சிக்கல் எங்கே என்றால், எந்த ஆயில் ஊற்றுவது என்பதையும் தாய்மாமனே முடிவு செய்வார். அவருக்கு ஆயில் என்றால் கெட்டியாக இருக்க வேண்டும். கடையில் ஒரு சொட்டைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தேய்த்து, கண்ணை மூடி, பாட்டுக் கச்சேரி கேட்பவர் போலத் தலையாட்டுவார். “ஆயில்னா பாயாசம் மாதிரி எறங்கணும். தண்ணி மாதிரி ஓடுச்சுன்னா அது ரசம். ரசத்தக் குடிச்சிட்டு எவனாவது மூட்ட தூக்குவானா?” அவருடைய வண்டி, கம்பெனிக்காரனே செய்வதை நிறுத்திவிட்ட பழைய மாடல். அது கெட்டி ஆயிலைக் குடித்து ஜம்மென்று ஓடியது. தன் வண்டிக்கு ஒத்துக்கொண்டது ஊருக்கெல்லாம் ஒத்துக்கொள்ளும் என்பது அவர் சித்தாந்தம்.

பையன்களின் புது வண்டிகளோ பாயாசம் குடித்த மறுநாளே உறும ஆரம்பிக்கும். காலையில் கிளப்பினால் முனகும். மைலேஜ் குறையும். அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னால், “செரிக்குதுலே. புது மாப்பிள்ள நாலு நாள் உம்முன்னுதான் இருப்பான்” என்பார். பையன்கள் மறுபேச்சுப் பேசாமல், அடுத்த மாதம் அவருக்குத் தெரியாமல் வாலாஜாபாத் போய் ஆயிலை மாற்றிக்கொண்டு வருவார்கள். தாய்மாமன் மனதை யார் நோகடிப்பது?

நோகடிக்கவும் ஒருத்தி வந்தாள். சங்கீதா.

சங்கீதா படப்பைப் பெண். எங்கள் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில், இன்ஜினுக்குள் போகிற பாகங்களை கேஜ் வைத்து அளந்து பார்க்கிற வேலை. லைன் லீடர் பயிற்சிக்கு அவள் பெயர் வந்திருந்தது. பயிற்சி வாலாஜாபாத் தாண்டி வேறொரு யூனிட்டில். அங்கே கம்பெனி பஸ் போகாது. ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு ஒருநாள் லேட்டாகப் போனாலும் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவளிடம் இருந்ததெல்லாம் இலவச சர்வீஸ் முடிந்த புது ஸ்கூட்டர் ஒன்று. திங்கட்கிழமை விடியற்காலையில் அது ஒரே அழுத்தில் கிளம்பியாக வேண்டும்.

முந்தைய நாள் ஹாஸ்டல் முற்றத்தில் மொட்டை. வண்டி கிழக்கு பார்த்து நின்றது. பழைய ஆயில் இறங்கியது, சத்தமும் கொடுத்தாயிற்று. அண்ணாச்சி புது பாட்டிலை எடுத்தார். சங்கீதா வண்டியின் கையேட்டோடு முன்னால் வந்து நின்றாள்.

“இன்னா ஆயில் அண்ணாச்சி அது?”

“உனக்குன்னே எடுத்து வச்சதுல்லா தாயி! லாரிக்காரன் கண்ணு வச்ச ஆயிலு. ஆட்டிப் பாரு, அசையாது.”

“அதான் பயமா கீது. புக்குல டென் டபிள்யூ தர்ட்டின்னு போட்டுகீது. நீர்க்கத்தான் இருக்குமாம். ஸ்கூட்டருக்குன்னே தனியா விக்கறாங்களாம்.”

“ஸ்கூட்டர்னா என்ன? வேட்டி கட்டுன பைக்கு. அம்புட்டுதான்.”

“வேட்டிக்குள்ள கிளட்ச்சு வேற மாரிணா.”

முற்றமே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை.

“புக்க எவன் எழுதுனான்? பனி பெய்யுத ஊர்க்காரன். ஒரகடத்துல என்ன பெய்யுது? கன்டெய்னர் லாரி தூசி! அதத் தாங்க கெட்டியா ஒண்ணு வேணும்லா?”

“தூசிக்குத்தான் ஃபில்டர் வெச்சுகீறானே. ஆயில் இன்னா, போர்வையா?”

“எம் வண்டி எத்தன வருசமா இதக் குடிக்குது தெரியுமா?”

“உங்க வண்டி உள்ள அல்லாம் தேஞ்சு சந்து வுட்டுப் போச்சு. அத அடைக்கக் கெட்டியா வோணும், சரி. இது புதுசுணா. பார்ட்டுக்கும் பார்ட்டுக்கும் நடுவுல முடி கூட நுழையாது. நான்தான் தெனம் அளந்து பாக்கறேனே. காலைல குளுர்ல உங்க பாயாசம் சோம்பல் முறிச்சு மேல ஏறதுக்குள்ள இன்ஜின் காஞ்சுபோய் சுத்திகினு இருக்கும். நாளைக்கு வண்டி மக்கர் பண்ணா என் பேரு போயிடும்ணா.”

அண்ணாச்சி பாட்டிலைக் கீழே வைத்தார். கையைத் துண்டில் துடைத்தார். முகம் சுருங்கிவிட்டது. “சரி தாயி. மாமன் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிரு.”

“மாமன் வோணும்ணா. ஆயில்தான் வேணாம்.”

அவர் தன் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஸ்கூட்டர் வயிற்றில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் கிழக்கு பார்த்து நின்றது. கேசரி ஆறிக் கட்டியானது. “நானே வாங்கி ஊத்திக்கவா? கோச்சிக்குவாரா?” என்று சங்கீதா என்னிடம் கேட்டாள். “இரும்மா, பாப்போம்” என்றேன். மாஸ்டர் கேசரியை மறுபடி அடுப்பில் ஏற்றினார்.

வெயில் முற்றத்துக்குள் இறங்கியபோது அண்ணாச்சி திரும்பி வந்தார். கையில் ஒரு பாட்டில். சுத்த சைவக்காரர் கருவாட்டுப் பையைத் தூக்கி வருவதைப் போல உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார். சங்கீதாவின் கையேட்டை வாங்கி, அதில் இருந்த எழுத்தையும் பாட்டிலில் இருந்த எழுத்தையும் விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ஸ்கூட்டர் என்று போட்டிருந்த இடத்தை அவளிடம் காட்டி, அவள் தலையாட்டிய பிறகுதான் மூடியைத் திறந்தார். ஊற்றும்போது முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

“யாரோ வெரட்டுத மாதிரிலா ஓடுது! ரசம்தாம்லே, சந்தேகமே இல்ல.”

சந்தனத்தில் குறை வைக்கவில்லை. கேசரியும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் வெளுப்பதற்கு முன்னாலேயே என்னைப் போட்டு உலுக்கினார். “எந்திரிலே. டூல்ஸ் பையத் தூக்கிட்டு பின்னால ஏறு.”

“எங்க அண்ணாச்சி? எனக்கு செகண்ட் ஷிப்டு. உங்களுக்குத்தான் ஃபர்ஸ்ட்.”

“ஏறுலேன்னா.”

படப்பையில் சங்கீதா வீட்டுத் தெருமுனை. சாத்தியிருந்த உரக்கடை ஷட்டர் ஓரம் வண்டியை நிறுத்தி, என்னையும் இழுத்து மறைவில் வைத்தார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கையில் ஸ்பேனர் பை சில்லிட்டது. சங்கீதா டிபன் பாக்ஸோடு வெளியே வந்தாள், ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள், பட்டனைத் தொட்டாள். அடுத்த நொடி வண்டி கிளம்பிவிட்டது. ஒரு முனகல் இல்லை, ஒரு இருமல் இல்லை.

“ம்” என்றார் அண்ணாச்சி. பிடிக்காத மாப்பிள்ளை நன்றாகச் சம்பாதிக்கிறான் என்று கேள்விப்பட்டவர் குரல் அது. பிறகு அவரும் வண்டியை உதைத்தார்.

கொஞ்சம் தள்ளியே பின்னால் போனோம். ஒரகடம் வந்தது. எங்கள் கம்பெனி கேட் வந்தது. அண்ணாச்சி அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

“அண்ணாச்சி, நம்ம கேட்டு! ஷிப்டுக்கு நேரமாச்சு!”

“பேசாம இருலே. வழில எங்கியாவது நின்னுட்டுன்னா?”

எங்கும் நிற்கவில்லை. வாலாஜாபாத் தாண்டி, அந்த யூனிட் வாசலில் சங்கீதா இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரத்துக்கு உள்ளே போனாள். அவள் தலை மறைகிறவரை பார்த்திருந்துவிட்டுத்தான் அண்ணாச்சி திரும்பினார்.

எங்கள் கேட்டுக்கு வந்தபோது ஷிப்ட் தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றிருந்தார். “இன்னாயா, இவ்ளோ லேட்டு? அரை நாள் சம்பளம் போச்சு, தெரியும்ல?”

அண்ணாச்சி முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். “எங்க அக்கா மக புது எடத்துல வேலைக்குச் சேருதா சார். கொண்டுபோயி விட்டுட்டு வாரேன்.”

இத்தனை வருடம் ஒரே அறையில் இருந்தவன் நான். அண்ணாச்சிக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமே கிடையாது.