காரணம் சொல்லும் லோறன்ஸ் மாஸ்ரர்

நம் ஊர்களில் 'காரணம் சொல்லிகள்' என்றொரு இனம் உண்டு. ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், பிள்ளையின் பெயரைக் கேட்கும் முன்பே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள்.

தலைமன்னார்ப் பக்கத்தில் அந்த இனத்துக்குத் தலைமகன், ஓய்வுபெற்ற லோறன்ஸ் மாஸ்ரர். மாணவர் இடைவிலகலைத் தடுக்கும் குழுவின் தலைவரும் அவரே. கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து, கதிரைகளை வரிசையாக்கி, தொண்டையைச் செருமி, "ஒண்டு போன், ரெண்டு பெற்றார், மூண்டு கடல்" என்று அவர் தொடங்கினால், தேத்தண்ணி ஆறி, வடை முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவி, கடைசியில் கதிரைகள் மட்டும் இருந்து கேட்கும். பிள்ளைகளை அழைப்பதுண்டா? கூட்டம் பிள்ளைகளைப் பற்றியது. அங்கே அவர்களுக்கு என்ன வேலை?

போன மாதம் பத்தாம் தரத்து லக்சிகா நின்றுவிட்டாள். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிவந்த குடும்பம். மாஸ்ரர் அறிவுரையோடு வீட்டுக்கே போனார்.

"போனைக் குடுத்துக் கெடுத்துப்போட்டீங்கள்" என்றார், செருப்பைக் கழற்றும் முன்பே.

வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டிருந்த தாய் ஜெனிற்றா நிமிர்ந்தாள். "வீட்டில ஒரு போன்தான் சேர். அதையும் அவர் கடலுக்குக் கொண்டு போயிடுவார்."

"அப்ப, படிப்பில ஆர்வமில்லை."

"அவளிட்டயே கேளுங்கோவன்."

இதுவரை யாரும் மாஸ்ரருக்குச் சொல்லாத யோசனை. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பஸ் நேரம் மாறிட்டுது சேர்" என்றாள் லக்சிகா. "வந்து இறங்கேக்க ஏழு ஐம்பது. ஏழரைக்கே பள்ளிக்கூடக் கேற்றைப் பூட்டிடுவினம். மூண்டு கிழமையா ஒவ்வொரு நாளும் வெளியில நிண்டனான். போறவாற ஆக்களெல்லாம் பாக்கினம். வெக்கத்தில விட்டிட்டன்."

கேற்றைப் பூட்டும் அந்தச் சட்டத்தைப் போன வருடம் குழுக்கூட்டத்தில் முன்மொழிந்தவர் யார்? மாஸ்ரர்தான். கைதட்டலும் வாங்கியிருந்தார். அவருடைய காது சிவந்தது. ஒருநாள் சைக்கிளில் போகும்போது, கேற்றடியில் இவள் நிற்பதைத் தான் பார்த்திருந்ததும் நினைவுக்கு வந்தது. 'ஊர் சுத்துது' என்று அன்றைக்கே ஒரு காரணம் கண்டிருந்தாரே!

மறுநாளே அதிபரிடம் போய், தான் போட்ட சட்டத்தைத் தானே கெஞ்சி நீக்கவைத்தார்; லக்சிகா வீட்டுக்கும் சொல்லியனுப்பினார். திங்கட்கிழமை ஏழு ஐம்பதுக்குக் கேற்றைப் பிடித்துக்கொண்டு மாஸ்ரரே நின்றார். தலைகுனிந்து வந்த லக்சிகா, உள்ளே போனபின் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

திருந்திவிட்டாரா? பாதி. இப்போதெல்லாம் பிள்ளைகளிடம் கேட்கிறார். பதிலைச் சில வேளை தானே சொல்லிவிடுகிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் லக்சிகா வாய் திறக்கும் முன்பே, 'காதலாகத்தான் இருக்கும்' என்று மனதுக்குள் முடிவு கட்டினீர்களே, அதை மட்டும் வெளியில் சொல்லிவிடாதீர்கள்.