குறை புரோக்கரும் என் மாடி போர்ஷனும்

பெங்களூரு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் சந்தாபுரா குறை புரோக்கர் மாதிரி இன்னொரு பிறவி கிடைக்காது. மற்ற வீட்டு புரோக்கர்கள் விளம்பரத்தில் புறாக்கூண்டை அரண்மனை ஆக்குவார்கள். இவரிடம் அரண்மனையையே கொடுத்தாலும், "மழை பெய்தால் கிழக்கு மூலை ஒழுகும்" என்றுதான் தொடங்குவார். குறைதான் முதல் வரி. அசல் பெயரை யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

எழுதியதை உடனே போனில் ஏற்றிவிட மாட்டார். என் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டோடு உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். காபிக்குக்கூட ஹெல்மெட் கழலாது, கண்ணாடி மட்டும் மேலே போகும். எனக்கு எழுத்து தெரியாது. அதற்காகத்தான் என்னிடம் வருவார்.

"கண்ண மூடிக்கங்கக்கா. 'பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம்.' வீடு தெரியுதா?"

"யாரு கூப்பிடற தூரம்ப்பா? உன் தொண்டைக்கா, என் தொண்டைக்கா?"

உடனே அடித்துவிட்டு, 'நடந்தால் பத்து நிமிடம், நடுவில் ஒரு சாக்கடை' என்று எழுதுவார். எனக்கு வீடு தெரிந்தால்தான் விளம்பரம் கிளம்பும்.

ஒருமுறை, 'சமையலறையில் இரண்டு பேர் நின்றால் இடிக்கும்' என்று போட்டார். வீட்டு ஓனர் சண்டைக்கு வந்தார். அன்று சாயங்காலமே புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டது!

எங்கேயோ போய்விட்டேன். என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் காலமாகி, மகனும் புனேக்குப் போனபின் மாடி போர்ஷன் காலியாகவே கிடந்தது. குக்கர் விசில் அடித்தால் கேட்க நான் ஒருத்திதான். எண்ண ஆரம்பித்து, மறந்து, பருப்பு குழைந்துவிடும்.

மகன் போனில் சொன்னான்: "சைவம் மட்டும், ஃபேமிலி மட்டும், தனி ஆளுங்க பேடா, வேணாம்னு போடச் சொல்லும்மா."

அப்படியே ஒப்பித்தேன். குறை புரோக்கர் பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டார்.

"யாரு வேணாங்கறத நான் எழுத மாட்டேன்க்கா. உங்களுக்கு என்ன வேணும், அதச் சொல்லுங்க."

யோசித்தேன். "மேல காலடிச் சத்தம் கேக்கணும்ப்பா."

"காலடிச் சத்தத்துல சைவம் அசைவம் இருக்காக்கா?"

"இல்லப்பா, நீயே எழுது" என்றேன். அவர் எழுதினார். அன்று மட்டும் வாசித்துக் காட்டாமல் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

இரண்டு நாளில் ஜெசி வந்தாள். கோலார் தங்கவயல் பெண், நர்ஸ், தனி ஆள், கையில் மீன் வறுவல் டப்பா.

"அந்த ஆளு என் வீட்டுக்கு என்ன குறை போட்டிருக்காரு, படிம்மா" என்றேன்.

தயங்கித் தயங்கிப் படித்தாள்: "'கீழ் வீட்டு அம்மா பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். வேலைக்கு லேட் ஆகும். மாடியில் தண்ணீருக்கும் காற்றுக்கும் குறைவில்லை.'"

புரோக்கருக்குப் போனைப் போடச் சொன்னேன். "ஏம்ப்பா, ஊருக்கெல்லாம் என் வாயப் பத்தியா தம்பட்டம் அடிக்கற?"

"பொய்யாக்கா?"

அதற்குள் ஜெசி என் கையைத் தொட்டாள். "அந்த வரியப் பாத்துதாம்மா வந்தேன். பிஜி ஹாஸ்டல் ரூம்ல நாள் முழுக்க ஒருத்தரும் பேச மாட்டாங்க."

மகனிடம், "ஃபேமிலிதாண்டா" என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை. இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளே அவள்தான். டூட்டிக்கு லேட் ஆகிவிட்டதாம்.

போன மாதம் குறை புரோக்கர் வந்து, முதல்முறையாக ஹெல்மெட்டைக் கழற்றினார். தலை முழுக்க நரைத்திருந்தது. சேலத்தில் தங்கை வீட்டோடு இருக்கப் போகிறாராம். தன் ரூமுக்கு எழுதியதை வாசித்தார்.

"'ஒற்றை ஆள் இருந்த ரூம். காலிங் பெல் புதுசு மாதிரி இருக்கும், அடிக்க ஆள் வந்ததில்லை. காலை வெயில் நன்றாக வரும்.' ரூம் தெரியுதாக்கா?"

"தெரியுதுப்பா" என்றேன். இத்தனை வருஷத்தில் அது எந்தத் தெரு என்றுகூட நான் கேட்டதில்லை.

இப்போதும் வாசலில் ஸ்கூட்டர் நின்றால், என்னை அறியாமல் கண்ணை மூடிக்கொள்கிறேன்.